தொட்டிலுக்கு ஒரு வரவு செலவுத் திட்டம்

(அங்கத்தினர் கல்விப் பகுதி: கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

கூட்டுறவு இயக்கம் தன் அங்கத்தினர்களுக்குக் கற்பிக்கும் பாடங்களுள் முதலாவது சிக்கனம். சிக்கனம் என்பது செலவே செய்யாதிருத்தல் அன்று. செய்யத்தக்க செலவைத் தக்க காலத்தில் செய்து, தகாத செலவைத் தள்ளுதலே சிக்கனமாகும். நூல் வாங்குவதிலும் உரம் வாங்குவதிலும் இந்த இலக்கணத்தை நம் அங்கத்தினர்கள் நன்கு கடைப்பிடித்து வருகின்றனர். ஆயினும், இல்லத்தில் ஒரு குழந்தை பிறக்கும்போது மட்டும் அது கைவிடப்பட்டுவிடுகிறது.

மழை எப்போது பொய்க்கும் என்று எவரும் அறியார். நூல் விலை எப்போது ஏறும் என்பதும் தெரியாது. குழந்தைப் பிறப்போ ஏழெட்டு மாதங்களுக்கு முன்பே அறிவித்துவிட்டு வருவது. அப்படியிருந்தும், கடன் மனுக்களைப் பார்வையிடுங்கால், "குடும்பச் செலவு" என்று காரணம் எழுதியிருப்பதைச் சற்று விசாரித்தால், பிறந்து சில மாதங்களேயான ஒரு குழந்தை அதன் பின்னே இருப்பதைப் பலமுறை காணலாம். சங்கத்திற்கு வாராமல் அடகுக்கடைக்குச் செல்லும் நகைகளின் கணக்கு தனி.

இச்செலவு முழுவதும் தவிர்க்க முடியாததா? அன்று. குழந்தைக்கென்று செய்யும் செலவு இருவகைப்படும். ஒன்று, தாய்க்கும் சேய்க்கும் உண்மையில் வேண்டியது. மற்றது, கடையில் கண்டதனாலும் பிறர் வாங்கியதனாலும் வாங்குவது. முன்னதன் பெரும்பகுதி தாயின் உணவும் ஓய்வுமே ஆகும். பின்னதன் பெரும்பகுதி டப்பாக்களும் பைகளும் புட்டிகளும் ஆகும். பல இல்லங்களில் முன்னதைக் குறைத்துப் பின்னதைக் கூட்டுகிறார்கள். அதை நேர்மாறாகச் செய்ய வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

1. பால்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுத்தல், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல், அதன்பின் மற்ற உணவுடன் சேர்த்து இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் கொடுத்து வருதல்: இம்மூன்றும் உலக சுகாதார நிறுவனமும் நம் அரசின் சுகாதாரத் துறையும் வற்புறுத்தும் விதிகள். முதல் சில நாள்களில் மஞ்சள் நிறமாகச் சுரக்கும் சீம்பால் நோயைத் தடுக்கும் ஆற்றல் மிக்கது. அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றும் பழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால் உடனே விட்டொழிக்க வேண்டும். ஆறு மாதம் வரை கோடையிலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலிலேயே வேண்டிய நீர் அடங்கியிருக்கிறது.

இனி டப்பாப் பாலின் கணக்கைப் பார்ப்போம். டப்பாப் பாலையே உண்டு வளரும் குழந்தைக்கு முதல் ஆறு மாதத்திற்குச் சுமார் 20 கிலோ பால்மாவு வேண்டும். 400 கிராம் டப்பாவாயின் 50 டப்பாக்கள். ஒரு டப்பா 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 20,000 ரூபாய். தங்கள் ஊரில் விற்கும் விலையைப் போட்டு அங்கத்தினர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இதில் பணத்தைக் காட்டிலும் பெரிய அபாயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. மேற்கண்ட கணக்கின்படி ஒரு டப்பா சராசரியாக மூன்றரை நாளுக்கே வரும். முதல் மாதம் கையில் பணம் இருக்கும்; அளவும் சரியாக இருக்கும். மூன்றாம் மாதம் கூலி குறைகிறது, அல்லது விளைச்சலின் பணம் வரத் தாமதமாகிறது. அப்போது மூன்று கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு கரண்டி போடுகிறார்கள். ஒரு டப்பாவை ஒரு வாரத்திற்கு ஓட்டுகிறார்கள். புட்டி நிறைய வெள்ளையாகத்தான் இருக்கிறது. குழந்தையின் வயிறும் நிறைகிறது. ஆனால் அதன் உடம்புக்குச் சேர்வது பாதி உணவே. கேடு விளைவிக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை. காசு போதவில்லை, அவ்வளவே. இதற்கிடையில் தாய்ப்பால் வற்றிவிடுகிறது. நன்றாகக் கழுவப்படாத புட்டியும் கொதிக்க வைக்காத நீரும் சேர்ந்தால் வயிற்றுப்போக்கு வருகிறது. இளைத்த குழந்தைக்கு வரும் வயிற்றுப்போக்கு உயிருக்கே உலை வைப்பது. பேரேட்டில் இது "மருத்துவச் செலவு" என்று பதிவாகும். தொடக்கமோ முதல் டப்பாவில் இருக்கிறது.

"பால் போதவில்லை" என்ற ஐயமே அந்த முதல் டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவருவது. அதனை அழுகையைக் கொண்டு தீர்மானிக்கலாகாது. முதல் வாரம் கழிந்தபின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஒழுங்காக ஏறி வருமாயின் பால் போதுமானதே. எடை பார்ப்பதற்கு அங்கன்வாடியில் காசு வாங்குவதில்லை. குழந்தை எவ்வளவுக்கெவ்வளவு சப்புகிறதோ அவ்வளவுக்கவ்வளவு பால் சுரக்கும். இடையே புட்டியைக் கொடுத்தால் சப்புதல் குறைந்து சுரப்பும் குறையும். மார்பில் வலியோ புண்ணோ கட்டியோ கண்டால், டப்பாவை வாங்குமுன் கிராம சுகாதாரச் செவிலியரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும். பெரும்பாலும் குழந்தையை அணைத்துப் பிடிக்கும் முறையைத் திருத்தினாலே குறை நீங்கிவிடும்.

தாயின் நோய் முதலிய காரணங்களால் டப்பாப் பால் கொடுக்கும்படி மருத்துவரே கூறும் சந்தர்ப்பங்களும் உண்டு. அதில் குற்றமோ குறையோ இல்லை. அப்போது டப்பாவில் கண்ட அளவை அணுவளவும் குறைக்காமல், கொதித்த நீரில் கரைத்து, பாலாடையால் புகட்ட வேண்டும். அந்தச் செலவு இன்றியமையாத செலவாகும். அதற்குச் சங்கக் கடன் கேட்பது முற்றிலும் தகும்.

"வீட்டிலேயே மாடு இருக்கிறதே" என்று விவசாய அங்கத்தினர்கள் கேட்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மாட்டுப்பாலை முக்கிய உணவாகக் கொடுப்பது பொருந்தாது. அதில் இரும்புச் சத்து மிகக் குறைவு. புரதமும் உப்புகளும் இளங்குழந்தையின் சிறுநீரகத்திற்கு மிகுதி. அந்தப் பாலில் ஒரு டம்ளரைத் தாய்க்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றுவதே இலாபம்.

1992ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் ஒன்று, குழந்தைப் பால்மாவு, பால்புட்டி, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான உணவுகள் ஆகியவற்றை விளம்பரப்படுத்துவதையும், இலவச மாதிரி கொடுத்து ஊக்குவிப்பதையும் தடை செய்கிறது. நம் கூட்டுறவுப் பண்டகசாலைகளும் அச்சட்டத்திற்கு உட்பட்டவையே என்பதை நிர்வாகக் குழுவினர் நினைவில் வைக்க வேண்டும்.

2. தாயின் உணவு

பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி உணவு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கூறுகிறது. 600 கலோரி என்றவுடன் மிரள வேண்டியதில்லை. கேழ்வரகு மாவு 75 கிராம், பருப்பு 30 கிராம், வேர்க்கடலை 25 கிராம், வெல்லம் 30 கிராம் ஆகிய நான்கும் சேர்ந்தால் ஏறக்குறைய 600 கலோரி. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருப்பது கூடுதல் அனுகூலம். இவற்றுடன் ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் சேர்த்தாலும் நாளொன்றுக்கு 25 ரூபாய்க்குள் அடங்கும். ஆறு மாதத்திற்கு 4,500 ரூபாய்.

20,000 ரூபாய்க்கு டப்பா வாங்க நகையை வைக்கும் இல்லத்தில், இந்த 25 ரூபாய் உணவு தாய்க்குக் கிடைக்கிறதா என்பதே கேள்வி. நம் வீடுகளில் கடைசியில் உண்பவள் அவளே. சட்டியின் அடியில் எஞ்சியதே அவள் பங்கு. பத்தியம் என்ற பெயரில் பருப்பும் கீரையும் தண்ணீரும்கூடக் குறைக்கப்படுகின்றன. பூண்டுக் குழம்பும் கருவாடும் பால் சுறாவும் சமைத்துக் கொடுக்கும் பாட்டிமாரின் கைம்முறை நல்லதே, அதைத் தொடரலாம். ஆனால் அளவைக் குறைத்து, வகையையும் குறைத்து, தாகத்திற்கு நீரும் கொடாதிருப்பது பத்தியம் ஆகாது. பாலூட்டும் ஆறு மாதமேனும் வீட்டில் முதல் இலை தாய்க்கே போட வேண்டும். இதை நிறைவேற்ற வேண்டியவர் பெரும்பாலும் மாமியாரும் கணவருமே ஆதலின், இப்பகுதியை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவது நலம்.

பிரசவத்திற்குப் பின் 180 நாள் வரை உட்கொள்ள வேண்டிய இரும்புச் சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாலூட்டும் தாய்க்கும் ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கும் அங்கன்வாடியில் சத்துமாவு வழங்கப்படுகிறது. அதை வாங்கி வந்து மாட்டுக்குக் கரைத்து வைத்தல் சிக்கனமும் அன்று, நியாயமும் அன்று.

3. தறிக்குத் திரும்பும் தாய்

நெசவாளர் இல்லத்தில் தறி நின்றால் கூலி நிற்கும். ஆகையால் பிரசவித்த பெண் உடம்பு தேறுமுன்பே தறிக்குழியில் இறங்குவதும், தார் சுற்ற உட்காருவதும் நிகழ்கின்றன. விவசாயக் குடும்பங்களில் நடவும் களையெடுப்பும் அவளை அழைக்கின்றன. புட்டி வீட்டுக்குள் நுழையும் இரண்டாவது வாசல் இதுவே.

நெசவாளருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆலைத் தொழிலாளியைப் போல் அவர் வீட்டைவிட்டுச் செல்வதில்லை. தறியும் தொட்டிலும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. தாய் நெய்யும் நேரத்தில் நான்கு முறை எழுந்து பாலூட்டுவதற்கு வீட்டார் இசைந்தால் போதும். அந்த வேளைகளில் கணவரோ நாத்தனாரோ நாடாவைப் பிடிக்கலாம். வயலுக்குச் செல்லும் தாய்க்கு, குழந்தையை உடன் கொண்டுசென்று மரநிழலில் ஏணை கட்டும் பழைய வழக்கமே சிறந்தது.

அவ்வாறு இயலாதபோது, தாய் கைகளைச் சோப்பிட்டுக் கழுவி, பாலைக் கையாலேயே பீய்ச்சி, கொதிநீரில் அலசிய மூடியுள்ள எவர்சில்வர் கிண்ணத்தில் வைத்துச் செல்லலாம். இதற்கென இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. பீய்ச்சும் முறையைச் செவிலியர் கற்றுக்கொடுப்பார். நிழலான குளிர்ந்த இடத்தில் வைத்த பாலை நான்கு மணி நேரத்திற்குள் கொடுத்துவிட வேண்டும். கடுங்கோடையில் அதற்கும் முன்பே கொடுத்துவிடுதல் நன்று. பாட்டியார் அதைப் பாலாடையால் புகட்டலாம். நம் முன்னோர் கையாண்ட பாலாடை, புட்டியைக் காட்டிலும் மலிவானது. மூலை முடுக்கின்றி இருப்பதால் கழுவுவதற்கும் எளிது. புட்டியின் இரப்பர் முனையில் பழகிய குழந்தை தாய்மார்பை மறுப்பதுபோல், பாலாடையில் பழகிய குழந்தை மறுப்பதில்லை.

4. துணி

துணி நெய்பவர் இல்லத்தில் குழந்தையின் இடுப்புக்கு டயப்பர் வாங்குவது வியப்பிலும் வியப்பு. நாளொன்றுக்கு ஆறு, ஒன்று 10 ரூபாய் என்று கொண்டால் ஆறு மாதத்திற்கு 10,800 ரூபாய். அத்தனையும் குப்பைக்கே போகிறது.

அணையாடைத் துணி 60 சென்டிமீட்டர் சதுரமாக 24 இருந்தால் ஒரு குழந்தைக்குப் போதும். 3.6 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள எட்டுமுழ வேட்டி ஒன்றில் அகலத்தில் இரண்டும் நீளத்தில் ஆறுமாகப் பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கும். ஆகவே பழைய வேட்டிகள் இரண்டு இருந்தால் செலவே இல்லை. பலமுறை துவைத்த துணி மென்மையானது. நீரையும் நன்றாக உறிஞ்சும்.

புதுத் துணியே வேண்டுமென்றால் 1.2 மீட்டர் அகலத்தில் 7.2 மீட்டர் தேவை. மீட்டர் 80 ரூபாய் என்றாலும் 576 ரூபாய்தான். ஆனால் தறியிலிருந்து இறக்கிய காடாத் துணியை அப்படியே கட்டலாகாது. பருத்தியின் இயற்கை மெழுகும் பாவுக்கு இட்ட கஞ்சியும் அதில் இருப்பதால் அது நீரை உறிஞ்சாமல் வழியவிடும். முதலில் ஓர் இரவு நீரில் ஊறவைத்துக் கஞ்சியை அகற்றி, பின்பு சலவைச் சோடா கலந்த நீரில் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, நன்னீரில் பலமுறை அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். ஒரு சொட்டு நீரை அதன்மேல் விட்டுப் பாருங்கள். உடனே உள்ளே இழுத்துக்கொண்டால் துணி பக்குவமாகிவிட்டது. சாயமிடாத வெண்துணியே உகந்தது.

நாள்தோறும் துவைக்கும்போது மலம் பட்டதைத் தனியே அலசி, சோப்பு முழுதும் போகும்வரை நீர் மாற்றி, வெயிலில் காய வைத்தால் போதும். வாசனைத் திரவங்களும் கிருமிநாசினிகளும் வேண்டா. பேருந்துப் பயணத்திற்கும் மருத்துவமனைக்குச் செல்வதற்கும் சில டயப்பர்களை வைத்துக்கொள்வதில் தவறில்லை. தாய்க்குப் பால் கசிவதற்கு வைக்கும் பட்டைகளையும் இதே துணியில் நான்கு மடிப்பாக வட்டமாக வெட்டித் தைத்துக்கொள்ளலாம். முன்புறம் கொக்கி வைத்த பழைய இரவிக்கையே பாலூட்டுவதற்குரிய உடை. தனி உடை தேவையில்லை.

5. வாங்க வேண்டாதவை

முகப்பவுடர் குழந்தையின் மூச்சில் சென்று தீங்கு செய்யும். கடைகளில் விற்கும் சில கண்மைகளில் ஈயம் கலந்திருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் மூளைக்குக் கேடு. ஆறு மாதத்திற்கு முன் கிரைப் வாட்டர், சர்க்கரை நீர், உரைமருந்து, விளக்கெண்ணெய் எதுவும் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது. அரிதாயினும் அதனால் வரும் நச்சுநோய் கொடியது. நடைவண்டிகளுள் குழந்தையை நடுவில் உட்கார வைத்துச் சக்கரத்தில் உருட்டும் வகை, நடையை விரைவுபடுத்துவதில்லை; படியில் உருண்டு விழவே வழி செய்யும். கனடா நாடு 2004ஆம் ஆண்டில் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் தச்சர் செய்யும் மூன்று சக்கரத் தள்ளுநடைவண்டி வேறு. குழந்தை தானே எழுந்து நிற்கத் தொடங்கியபின், பெரியவர் அருகிலிருக்க அதைக் கொடுக்கலாம்.

தவறாது வாங்க வேண்டியவை சிலவே: கொசுவலை ஒன்று, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று, பாலாடை இரண்டு. இவற்றுக்கு 600 ரூபாய் ஒதுக்கினால் போதும்.

6. ஆறு மாதத்திற்குப் பின்

ஏழாம் மாதம் முதல் தாய்ப்பாலுடன் குழைந்த உணவும் வேண்டும். பருப்புச் சோறு, நெய் விட்ட இட்லி, மசித்த வாழைப்பழம், வேகவைத்த காய், முட்டை ஆகியவை வீட்டிலேயே உள்ளன. அட்டைப் பெட்டியில் விற்கும் மாவுக்கு இவை எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்க விட்டு, உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் ஒருவகைப் பொருள் மாவுச்சத்தை உடைத்துக் கூழை இளக்குகிறது. ஆதலால் அதிக மாவிட்டும் கூழ் கட்டியாகாது. சிறிய வயிற்றுக்குள் அதிகச் சத்துச் செல்லும். கூழைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுப்பது, பாலில் தண்ணீர் சேர்ப்பதைப் போன்றதே. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பக்குவமே சரியானது. அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விடுவதையும் மறக்கலாகாது.

7. அரசிடமிருந்து பெற வேண்டியவை

உரிமையாகக் கிடைப்பதைப் பெறாமல் விடுவதும் நட்டமே. கருவுற்ற 12 வாரத்திற்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டில் தொடங்கிய மத்திய அரசின் தாய்சேய் நலத் திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, உணவு, இரத்தம், வீடு திரும்பும் வாகனம், நோயுற்ற சிசுவின் சிகிச்சை ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018ஆம் ஆண்டில் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதில் 14,000 ரூபாய் ரொக்கம். 4,000 ரூபாய் மதிப்புள்ளது ஊட்டச்சத்துப் பெட்டகம். தகுதியையும் தவணைகளையும் செவிலியரிடம் கேட்டறிந்து, வங்கிக் கணக்கை முன்கூட்டியே தாயின் பெயரில் தொடங்கிவிடுங்கள். அப்பணம் தாயின் உணவுக்கும் ஓய்வுக்கும் உரியது. பழைய கடனுக்கு அதை வரவு வைப்பதோ பெயர் சூட்டு விழாவில் கரைப்பதோ திட்டத்தின் நோக்கமன்று.

அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கென 16 பொருள்கள் கொண்ட பரிசுப் பெட்டகத் திட்டம் தமிழகத்தில் 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. துண்டு, உடை, படுக்கை, கொசுவலை, சோப்பு, நகவெட்டி, தாய்க்குச் சுண்டி லேகியம் என்று அதில் வகுத்தவற்றைப் பார்த்தாலே உண்மைத் தேவை எவ்வளவு சிறியது என்பது விளங்கும். பால்புட்டி அதில் இல்லை. தடுப்பூசிகள் இலவசம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமும் அலைச்சலும் இல்லை.

8. இரு வழிகளின் கணக்கு

முதல் ஆறு மாதத்திற்கு இரு வழிகளையும் ஒப்பிடுவோம்.

கடை வழி: டப்பாப் பால் 20,000, டயப்பர் 10,800, புட்டி, பவுடர், கிரைப் வாட்டர் முதலியன 1,500. ஆக மொத்தம் 32,300 ரூபாய்.

இல்ல வழி: தாயின் கூடுதல் உணவு 4,500, புதுத் துணி 576, சோப்பும் சோடாவும் 600, கொசுவலை, தெர்மாமீட்டர், பாலாடை 600, பயணத்திற்கு 20 டயப்பர் 200. ஆக மொத்தம் 6,476 ரூபாய்.

வித்தியாசம் 25,824 ரூபாய். இதை நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு அடகுக்கடையில் வாங்கினால் மாதந்தோறும் வட்டி மட்டுமே 500 ரூபாய்க்கு மேல் ஆகும்.

"பாலூட்ட எழுந்திருக்கும் நேரத்தின் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லையே" என்று ஓர் அங்கத்தினர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். முதல் மூன்று மாதம் எவ்வழியாயினும் தாய்க்கு ஓய்வு வேண்டும். அடுத்த மூன்று மாதத்தில் வேலைநாள் 78 என்க. எட்டு மணி நேரத்திற்கு 320 ரூபாய் கூலி பெறும் தாய் நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் இழந்தால் இழப்பு 60 ரூபாய். மூன்று மாதத்திற்கு 4,680 ரூபாய். அதைக் கழித்த பின்னும் 21,144 ரூபாய் மிஞ்சுகிறது. புட்டி கழுவவும் நீர் கொதிக்க வைக்கவும் வேறொருவர் செலவிடும் நேரத்தை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

9. சங்கம் செய்யத்தக்கவை

1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர், நெசவாளரும் பிற தொழிலாளருமாக, ஆளுக்கொரு பவுன் மூலதனம் திரட்டிக் கடை திறந்தனர். அவர்கள் முதலில் வைத்த சரக்கு வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி ஆகியவையே. இல்லத்திற்கு எது தேவை என்பதைத் தாமே தீர்மானித்து, அதைக் கலப்படமின்றி ஒன்றுசேர்ந்து வாங்கியதே அவர்கள் செய்த காரியம். அதே வழியில் நம் சங்கங்கள் நான்கு காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, தொட்டில் சேமிப்பு. மூன்றாம் மாதத்தில் தொடங்கினால் பிரசவத்திற்கு 26 வாரம் இருக்கிறது. கூலிப் பட்டுவாடா நாளில் வாரம் 250 ரூபாய் பிடித்து வைத்தால் 6,500 ரூபாய் சேரும். மேலே கண்ட இல்ல வழிச் செலவு முழுவதும் அதில் அடங்கிவிடும். நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டத்தில், கூலி ரூபாய்க்கு அங்கத்தினர் 8 காசும் அரசு 4 காசுமாகச் சேரும் தொகை பிற்காலத்திற்கு உரியது. அதைத் தொட்டிலுக்கென்று தொடாதிருப்பதே நன்று.

இரண்டாவது, பாவு வழங்குவதில் சலுகை. பிரசவித்த அங்கத்தினருக்கு முதல் மூன்று மாதம் பாவு முடிக்கும் கெடுவை நீட்டவும், தாமதத்தைக் காரணமாக வைத்து அவரை "செயலற்ற அங்கத்தினர்" பட்டியலில் சேர்க்காதிருக்கவும் மகாசபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். இதற்குச் சங்கத்துக்குச் செலவு ஏதுமில்லை.

மூன்றாவது, கூட்டு நெசவும் கூட்டுக் கொள்முதலும். 1.2 மீட்டர் அகலத்தில் மென்மையான வெண்துணியை நம் தறிகளிலேயே நெய்து, சலவைப் பக்குவம் செய்து, 24 துண்டுகள் கொண்ட கட்டாக அங்கத்தினர்க்கு அடக்க விலையில் கொடுக்கலாம். விளைவிக்கும் அங்கத்தினரிடமிருந்து கேழ்வரகையும் பருப்பையும் வேர்க்கடலையையும் நேரே வாங்கினால் இருசாராருக்கும் நன்மை.

நான்காவது, சுற்றுப்பை. தொட்டில் கம்பி, குளிப்பாட்டும் தொட்டி, கம்பளித் தொப்பி, போர்வை, தெர்மாமீட்டர், கொசுவலை ஆகியவை அடங்கிய பை மூன்று, ஒன்று 2,000 ரூபாய் என 6,000 ரூபாய்க்கு வாங்கி, குடும்பத்திற்கு ஆறு மாதம் என்று இரவல் கொடுக்கலாம். மூன்றாண்டில் 18 குடும்பங்கள் பயன்பெறும். குடும்பத்திற்கு 333 ரூபாயே விழுகிறது. துணைவிதிகளுக்கு உட்பட்டுப் பொதுநன்மை நிதியிலிருந்து இதற்கு ஒதுக்கலாமா என்று நிர்வாகக் குழு ஆலோசிக்கட்டும். இதற்கென ஒரு பதிவேடு வேண்டும்: அங்கத்தினர் எண், வழங்கிய நாள், திரும்பிய நாள், பொருள்களின் நிலை, துணிகள் கொதிநீரில் அலசப்பட்டனவா என்ற குறிப்பு, காரியதரிசியின் கையொப்பம். பாலாடை போன்ற வாயில் வைக்கும் பொருள்களை இப்பையில் சேர்க்கலாகாது.

இந்நான்கனுள் இரண்டாவதை அடுத்த மகாசபையிலேயே நிறைவேற்றலாம். மற்றவற்றுக்குச் சில மாத ஆயத்தம் வேண்டும். பெண் அங்கத்தினர்கள் கூட்டத்திற்கு வந்து தம் கருத்தைச் சொன்னாலன்றி இவற்றுள் எதுவும் சரியாக நடவாது. கூட்ட அறிவிப்பைக் கணவர் பெயருக்கு அனுப்பி நிறுத்திவிடாமல், அவர்கள் கையில் நேரே சேர்ப்பிக்க வேண்டுவது காரியதரிசியின் பொறுப்பு.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊரில் பால்மாவு டப்பா ஒன்றின் விலை என்ன? அவ்விலைக்கு ஆறு மாதச் செலவு எவ்வளவு ஆகும்?

2. உங்கள் இல்லத்தில் பாலூட்டும் தாய் எப்போது உண்கிறார்? நேற்று என்ன உண்டார்?

3. உங்கள் சங்கத்தில் அடுத்த ஆறு மாதத்திற்குள் எத்தனை பிரசவங்கள் எதிர்பார்க்கப்படுகின்றன? அவர்களுள் எத்தனை பேர் செவிலியரிடம் பதிவு செய்துள்ளனர்?

4. சுற்றுப்பையில் எப்பொருள்கள் இருக்க வேண்டும், எவை இருக்கலாகாது? காரணம் கூறுக.

5. பிரசவித்த அங்கத்தினரின் பாவுக் கெடுவை நீட்டுவதற்கான தீர்மானத்தை மூன்று வரிகளில் எழுதுக.